மஞ்சப் பையும் ஆறு தாளும்

நாள் 1: காங்கயம்

ஆடி மாதத்தில் சிங்காநல்லூரில் பஸ் ஏறினால் பல்லடம் தாண்டும்வரை ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். மூடினால் புழுக்கம். திறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியோடு முகத்தில் அறையும். இன்று என் பக்கத்தில் இருந்தவர் பாதி திறந்து, இடுக்கில் துண்டைச் செருகிவிட்டுத் தூங்கிப் போனார். பஞ்சாயத்து கலைந்தது.

ஐந்து நாள் சுற்று. ஊர் பார்க்க அல்ல, வேலைக்கு. கோவையில் ஒரு வக்கீலிடம் பதினோரு வருஷமாகக் குமாஸ்தா நான். வங்கிகள் அடமானக் கடன் கொடுக்கும் முன் சொத்துப் பத்திரங்களை எங்கள் சாரிடம் அனுப்பி லீகல் ஒப்பீனியன் கேட்கும். ஒப்பீனியனைச் சார் சொல்வார். அதற்கு வேண்டிய வில்லங்கம், நகல், பட்டா எல்லாவற்றுக்கும் பஸ் ஏறுவது நான். போகிற ஊரில் ராத்திரி ஒரு பக்கம் எழுதிப் போடுவது பழக்கமாகிவிட்டது.

காங்கயம் என்றால் வெளியூர்க்காரருக்குக் காளை. இறங்கினால் முதலில் வருவது தேங்காய் வாசம். ஊரைச் சுற்றிக் களம் களமாகக் கொப்பரை காய்கிறது. இங்கே அதைப் பருப்பு என்பார்கள். ‘பருப்பு லோடு’ என்று யாராவது சொன்னால் சாம்பாரை நினைத்துவிடக் கூடாது. நான் வந்த வேலையும் அப்படி ஒரு களத்துக்கான கடன்தான். மகன் களம் போடுகிறார், நிலம் அப்பா பேரில்.

அந்தப் பெரியவர் பஸ் ஸ்டாண்டு எதிரே பேக்கரியில் காத்திருந்தார். டீயும் தேங்காய் பன்னும் சொல்லிவிட்டு, மடியில் வைத்திருந்த மஞ்சப் பையை நீட்டினார். பேரன் கல்யாணத்துத் தாம்பூலப் பை. உள்ளே 1972இல் அவருடைய தாயார் எழுதிக் கொடுத்த தான செட்டில்மெண்ட் பத்திரம், ஆறு தாள், மூலையில் நூல் கட்டு.

“ஏனுங் தம்பி, ஒரிஜினலே வேணுங்களா?”

“ஆமாங்க ஐயா. சார் கண்ணுல ஒருக்கா பாக்கோணும்ங்கறாரு.”

ஒரிஜினல் எதற்கு என்று எல்லாரும் கேட்பதுதான். மூலப் பத்திரத்தைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைப்பதே அடமானம் ஆகும் என்று 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அதனால் நகலை மட்டும் காட்டினால் வங்கிக்குச் சந்தேகம் வரும், ஒரிஜினல் வேறு எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறதோ என்று.

1975இலிருந்து உள்ள வில்லங்கத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். அதற்கு முந்தையது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, பழைய புத்தகங்களைப் புரட்டச் சொல்ல வேண்டும். மனுப் போட்டுவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பத்திரத்தைப் படித்தேன். பழைய பத்திரம் படிப்பதில் எனக்கு ஒரு ருசி உண்டு. ‘கோயமுத்தூர் ஜில்லா, தாராபுரம் தாலுக்கா’ என்று ஆரம்பிக்கிறது. இந்த இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் இருந்த இடத்திலேயே இருந்து, 1979இல் பெரியார் மாவட்டத்துக்குப் போய், அது ஈரோடு மாவட்டம் ஆகி, 2009இல் திருப்பூர் மாவட்டத்துக்கு வந்துவிட்டது. கடைசித் தாளில் செக்குபந்தி, அதாவது நிலத்தின் எல்லை விவரம்: ‘தென்வடல் இட்டேரிக்கும் மேற்கு, கொரங்காட்டுக் கிளுவை வேலிக்கும் வடக்கு’. இட்டேரி என்றால் வேலிகளுக்கு நடுவே போகிற தடம், கொரங்காடு என்றால் மேய்ச்சல் காடு. பக்கத்துக் காட்டுக்காரர் பெயரைப் போட்டிருந்தால் அவர் செத்து, பிள்ளைகள் விற்று, இன்று யாரென்று தேட வேண்டும். வேலியை எழுதியவர் விவரமானவர்.

எதிரே ஜெராக்ஸ் கடையில் ஒரு செட் எடுத்தேன். தாள் பழுப்பேறி இருந்ததால் நூலை அவிழ்த்து ஒவ்வொன்றாக வைக்க வேண்டியிருந்தது. ஆறாவது தாள் மங்கலாக விழுந்தது, இன்னொரு தடவை போடச் சொன்னேன். நகல் வெளியே வந்ததும் கரண்ட் போனது, தாராபுரம் பஸ்ஸும் ஹாரன் அடித்தது. காசைக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

வழியில் ஊதியூர் மலை. கொங்கணச் சித்தர் தங்கியிருந்து பொன் செய்ய ஊதிய மலை என்பார்கள். பொன்னூதி மலை என்றும் பெயர். அந்தி வெயிலில் மலை கொஞ்சம் பொன்னாகத்தான் தெரிந்தது. அப்புறம் காற்றாலைகள். அப்புறம் தூங்கிவிட்டேன். இப்போது தாராபுரத்தில் ஒரு லாட்ஜ். ராத்திரி சாப்பாடு அரிசிம்பருப்பு சாதம், நெய் தனியாக. நாளைக்கு அமராவதி ஆற்றைப் பார்க்க வேண்டும்.

ராத்திரி 10.40. மேலே உள்ளதைப் போட்டுவிட்டு, பத்திரத்தை இன்னொரு தடவை பார்க்கலாமென்று பையைத் திறந்தேன். உள்ளே பத்திரம் இல்லை. மாட்டுக்குக் கொடுக்கிற தாது உப்பு ஒரு கிலோ இருக்கிறது.

நாள் 2: தாராபுரம்

தூங்கவில்லை. தாது உப்பு பாக்கெட், வாடத் தொடங்கிய வெற்றிலைக் கட்டு, கால்நடை மருந்தகத்துச் சீட்டு. மூன்றையும் கட்டில் மேல் பரப்பி, வெறும் பையை உதறி உதறிப் பார்த்தேன். இதுவும் கல்யாணத் தாம்பூலப் பைதான், மணமக்கள் மட்டும் வேறு.

நடந்தது இதுதானாக இருக்கும். பஸ்ஸில் இரும்புத் தட்டின் மேல் பையை வைத்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு மஞ்சப் பை இருந்திருக்கிறது. தூங்கிக் கொண்டிருந்தபோது அந்தப் பைக்குச் சொந்தக்காரர் என்னுடையதை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். தாராபுரத்தில் கண் விழித்த நான் மிச்சம் இருந்ததை எடுத்துக்கொண்டேன். 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபோது மகிழ்ந்தவன் நான். பிளாஸ்டிக் பையாக இருந்திருந்தால் உள்ளே இருப்பது வெளியே தெரிந்து தொலைத்திருக்கும்.

விடிந்ததும் பஸ் ஸ்டாண்டு. நல்லவேளை, டிக்கெட் சட்டைப் பையில் கசங்கிக் கிடந்தது, அதில் பஸ் பெயர். அதே வண்டி ஏழே முக்காலுக்கு இரண்டாவது நடை வந்தது. கண்டக்டர் பையன் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே நான் சொன்னதைக் கேட்டான்.

“மஞ்சப் பைங்களா? ஏனுங்ண்ணா, வண்டியில ஏறறதுல பாதிப் பேரு கையில மஞ்சப் பைதானுங்.”

ஆனாலும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து காட்டினான். மூன்று குடை, டிபன் கேரியர் மூடி, குழந்தைச் செருப்பு ஒற்றை, பிரிக்காத கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்று. அந்தக் கட்டைத் தொலைத்தவர் இப்போது யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருப்பாரோ. எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்த மாதிரி இருந்தது.

மருந்தகத்துச் சீட்டைக் காட்டினேன். பெயர் இருந்த இடத்தில் வெற்றிலை ஈரம் பட்டு மை கலைந்திருக்கிறது. ஊர் மட்டும் தெளிவாக இருக்கிறது: புதூர்.

“எந்தப் புதூருங்ண்ணா?” என்றான்.

அதுதானே! கொங்கு நாட்டில் எந்தத் திசைக்குப் போனாலும் ஒரு புதூர் வரும். முத்திரையும் அரைகுறை. யாரோ மாடு வளர்க்கிறார், வெற்றிலை போடுகிறார், ஏதோ ஒரு புதூரில் இறங்கினார். டிரைவர்தான் யோசித்துச் சொன்னார், ஊதியூருக்கு முன்னும் பின்னும் மாட்டுக்காரர்கள் ஏறி இறங்குவார்கள், அந்தப் பக்கத்து மருந்தகங்களில் கேட்டுப் பாருங்கள் என்று. இரண்டில் கேட்டேன். ஒன்றில் கையெழுத்து எங்களுடையது இல்லை என்றார்கள். இன்னொன்றில் டாக்டர் கன்று ஈன முடியாமல் கிடந்த மாட்டைப் பார்க்கப் போயிருந்தார். பொழுது சாயும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன், வரவில்லை.

சாருக்குப் போன் செய்தேன். நீளமாகத் திட்டுவார் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தேன். “தேடு” என்றார். “தேடறது தேடு. நாளைக்கே போலீஸ்ல புகாரும் குடு. பை கெடைக்காமப் போனா, புகார்த் தேதி லேட்டா இருக்கக் கூடாது. பெரியவர்கிட்ட நேர்ல போய்ச் சொல்லு. போன்ல சொல்லாதே.”

அமராவதியைப் பார்க்கவில்லை.

நாள் 3: காங்கயம் பக்கம்

பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., படிப்புச் சான்றிதழ், அடையாள அட்டை மாதிரியானவை தொலைந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பதிந்து ரசீது எடுத்துக்கொள்ளலாம். போன வருஷம் என் லைசென்ஸ் காணாமல் போனபோது டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. நிலப் பத்திரத்துக்கு அந்த வழி இல்லை. ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும்.

எந்த ஸ்டேஷன் என்பதுதான் கேள்வி. முதலில் போன இடத்தில், பை எங்கே தொலைந்தது என்றார்கள். பஸ்ஸில் என்றேன். பஸ் எங்கே இருந்தபோது என்றார்கள். தூங்கிக்கொண்டிருந்தேன் என்றேன். அப்படியென்றால் எங்கள் எல்லையில் தொலைந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார் எழுத்தர். சட்டப்படி பார்த்தால் நல்ல கேள்வி. இரண்டாவது ஸ்டேஷனிலும் அதே கேள்வி, பெஞ்சு மட்டும் வேறு. அங்கே ஒரு பெண் ஏட்டு, “அவரு எங்கீதான் போவாரு சார், எழுதி வாங்கிக்கலாம்” என்று சொன்னதால் சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. சமுதாயப் பணிப் பதிவேடு என்பது அதன் முழுப் பெயர். எஃப்.ஐ.ஆர். அல்ல, புகார் வந்தது என்பதற்கு அத்தாட்சி.

பை கிடைக்காவிட்டால் வரிசை எனக்கு மனப்பாடம். நாளிதழ் விளம்பரம், ஆட்சேபம் வருகிறதா என்று காத்திருப்பது, ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்று போலீஸ் தரும் சான்று, சார்பதிவாளரிடம் சான்றிட்ட நகல், வங்கிக்குப் பிரமாணப் பத்திரம். எத்தனையோ பேருக்கு மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருக்கிறேன். கேட்பவர் முகம் ஏன் அப்படிப் போகும் என்று இன்றுதான் தெரிந்தது.

பெரியவர் தோட்டத்துக்குப் பஸ் இறங்கி இட்டேரியில் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி. அந்தப் பக்கம் கொரங்காட்டில் வெள்வேல மரத்தடியில் இரண்டு மயிலை மாடு. பத்திரத்தில் படித்த செக்குபந்திக்குள்ளேயே நடந்து போனேன். இடது கைப்பக்கம் மேற்கு. அவருடைய நிலம்.

விஷயத்தைச் சொன்னேன். மகன் எழுந்துவிட்டார். “பதினோரு வருசமா இதே வேலைங்கறீங். தட்டுமேல வெச்சுட்டுத் தூங்குனீங்களா?”

“தூங்கீட்டனுங்க.” வேறென்ன சொல்ல?

“மொதல்ல மோரு குடிங் தம்பி” என்றார் பெரியவர். சொம்பை வைத்துவிட்டு உள்ளே போன மருமகள் என்னைப் பார்க்கவே இல்லை. சிவன்மலையில் உத்தரவுப் பெட்டி என்று ஒன்று உண்டு. முருகன் யாரோ ஒரு பக்தரின் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்வார். சாமியிடம் பூப்போட்டுக் கேட்டு, அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கே இருக்கும். மகன் அதைச் சொல்லி, “இன்னைக்குப் பெட்டியில மஞ்சப் பை வெச்சிருப்பாங்க, போய்ப் பாருங்” என்றார். கோபத்திலும் லொள்ளு போகாது இந்த ஊரில்.

கிளம்பும்போது பெரியவர் இட்டேரி வரைக்கும் கூட வந்தார்.

“ரிஜிஸ்தர் ஆபீசுல நகல் குடுப்பாங்கன்னீங். அதுல ஆத்தா ரேகை வருங்களா?”

வராது. அந்தக் காலத்தில் பதிவான பத்திரத்தை அலுவலகத்தில் கையாலேயே பார்த்து எழுதி ஒன்றாம் புத்தகத்தில் வைத்திருப்பார்கள். இன்று கிடைப்பது அந்தக் கைப்பிரதியின் நகல். ரேகை இருந்த இடத்தில் ‘கைநாட்டு’ என்று எழுத்தர் எழுதியிருப்பார், அவ்வளவுதான். சொன்னேன்.

“கடேசித் தாளுல அமுக்கி வெச்சாளுங். மத்ததெல்லாம் ஈசிக்கிச்சு. அது ஒண்ணுதான் சுத்தமா உளுந்துது. வெரலத் தொடைக்கத் துணி குடுங்கன்னேன். என்ற அங்கராக்குலயே தொடச்சுட்டா. பொங்கலுக்கு எடுத்த அங்கராக்கு. எத்தன தொவச்சும் போகுல.”

அதற்குள் பஸ் வந்துவிட்டது.

நாள் 4: ஊதியூர் பக்கம்

மருந்தகத்து டாக்டர் சீட்டைப் பார்த்த உடனே, “மடி வீங்குன செவலை” என்றார். மனுஷர்களுடைய பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை, மாடு வந்துவிட்டது. எந்தப் புதூர், எந்தத் தடம், எந்தப் புளிய மரத்தில் திரும்ப வேண்டும் என்றுகூடச் சொன்னார்.

ஓட்டு வீடு, வாசலில் அந்தச் செவலை. ஆத்தா ஒருத்தி தீவனத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த பையைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்தாள்.

“வந்துட்டயா சாமி? ரெண்டு நாளா மாட்டுக்கு உப்பு இல்ல.”

“ஏனுங் ஆத்தா, என்ற பை…”

“உள்ளார வா.”

சாமி படத்துக்குக் கீழே பலகையில் மஞ்சப் பை இருந்தது. மேலே சந்தனப் பொட்டு, ஒரு செவ்வரளிப் பூ. “தொறந்து பாத்தேன். பத்திரமாட்டத் தெரிஞ்சுது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆரோட சொத்தோ, ஆணியில மாட்டறதுக்கு மனசு வருல. பையன் வெள்ளிக்கெழம வருவான், காட்டலாம்னு வெச்சுட்டேன்.”

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணி கொடுத்தாள், காபி கொடுத்தாள். நான் ஏதாவது காசு கொடுக்கலாமா என்று யோசிப்பதற்குள், வெற்றிலை வாடிப் போனதற்கு என்னைத் திட்டினாள். கும்பிட்டுவிட்டுப் பையை வாங்கினேன்.

புளிய மரத்தடியில் நின்று எண்ணினேன். ஐந்து.

மறுபடி எண்ணினேன். பையை உதறினேன். ஐந்துதான். நூல் இருக்கிறது, முடிச்சில்லாமல். செக்குபந்தியும் கைநாட்டும் இருந்த கடைசித் தாள் இல்லை. திரும்பிப் போய்க் கேட்டேன். ஆத்தா முகம் சுருங்கிவிட்டது. பலகையை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள், சாமி படத்தின் பின்னால் கூடப் பார்த்தாள். இருந்ததெல்லாம் அவ்வளவுதான் என்றாள். அவளிடம் கேட்டிருக்கவே கூடாது.

காங்கயம் பஸ்ஸில் பையை மடியில் வைத்து, முதல் நாளை ஒரு தடவை பின்னாலிருந்து ஓட்டிப் பார்த்தேன். ஹாரன். கரண்ட். ஆறாவது தாள் மங்கல்.

மூன்று நாளாகப் பஸ்ஸைத் தேடியிருக்கிறேன். காங்கயத்தில் இறங்கியபோது மணி எட்டேகால். ஜெராக்ஸ் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. போர்டில் இருந்த நம்பரை யாரும் எடுக்கவில்லை.

நாள் 5: காங்கயம், கோவை

ஒன்பதரைக்குக் கடை திறக்கும்வரை எதிர்த் திண்ணை.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் கடைப் பெண்ணே, “ஆறாவது தாளுங்களா?” என்று கேட்டது. கரண்ட் வந்த பிறகு அடுத்தவர் ஆதார் கார்டோடு வந்து மூடியைத் தூக்கியபோது கண்ணாடியில் குப்புறக் கிடந்திருக்கிறது. ரோட்டுக்கு ஓடி வந்து பார்த்தாளாம், பஸ் போய்விட்டது. கல்லாவுக்கு அடியில் இருந்து ஒரு பழைய ஸ்வீட் டப்பாவை எடுத்தாள். மறந்துவிட்டுப் போனவர்களின் ஒரிஜினல்கள்: ஆதார் அட்டை நாலைந்து, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், யாருடையதோ ஜாதகம். அடியில் ஒரு வாரப் பத்திரிகைக்குள் மடிக்காமல் வைத்திருந்தாள்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதல் நாள் செக்குபந்தியைத்தான் படித்தேன், இதைப் பார்க்கவில்லை. நீல மை கறுத்துப் போன ரேகை. நடுவில் சுழி, மேல் ஓரத்தில் குறுக்கே ஒரு கீறல், அரிவாள் பட்ட தழும்பாக இருக்கலாம். பக்கத்தில் எழுத்தரின் அழகான கையெழுத்தில் ‘இடது கைப் பெருவிரல்’.

முதலில் ஸ்டேஷனுக்குப் போன் செய்து பத்திரம் கிடைத்த விவரத்தைச் சொன்னேன். எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அப்புறம் இட்டேரி.

பெரியவர் விரலை எச்சில் தொட்டு எண்ணினார். ஆறாவதில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் தன் கையாலேயே நூலைக் கோத்து இரண்டு முடிச்சுப் போட்டார். சந்தனப் பொட்டைக் காட்டி இது யார் வைத்தது என்று கேட்டார். சொன்னேன். “எந்தப் புதூருங்?” என்றார், அவரும்.

சாருக்கு இன்னும் ஒரிஜினலைக் காட்டவில்லை. அதைத் தயங்கித்தான் சொன்னேன். பெரியவர் உள்ளே போய் வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார்.

“வாங் தம்பி, நானும் வர்றேன்.”

இப்போது பல்லடம் தாண்டிவிட்டோம். ஜன்னல் பக்கம் அவர்தான். முழுசாகத் திறந்து வைத்திருக்கிறார். பை மடியில், இரண்டு கையும் பை மேல். டிக்கெட் நான்தான் எடுத்தேன். காசு எடுக்க ஒரு கையை எடுக்க வேண்டுமே என்று யோசித்துவிட்டு, “நீங்களே குடுத்துருங், பொறவு தர்றேன்” என்றார்.